கோட்டையில் விடைபெற்றவர்கள்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு நடுவில் நிறுத்தி "மெய்யோ?" என்று கேட்கக் கூடாது. போன ஆவணியில், நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்களில், யாழ்ப்பாணக் கோட்டைக்குள், வெயில் எறிக்கிற பின்னேரத்தில் நடந்தது. பேய்க் கதை என்றால் நடுச்சாமமும் நாய் ஊளையும் வேண்டும் என்கிறவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். இதில் நாய்கூட இல்லை.

சுதாகரனைப் பலருக்குத் தெரிந்திருக்கும். கொக்குவில் ஆள். தாய் தகப்பன் விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறான், கலியாணம் கட்டவில்லை. அவனுடைய தொழில் வாய்தான். கோட்டை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து கதை சொல்லுவான். போர்த்துக்கேயன் சதுரமாகக் கட்டினான், ஒல்லாந்தன் பிடித்து ஐந்து முனை நட்சத்திரமாக்கினான், இங்கிலீசுக்காரன் சண்டையே பிடிக்காமல் உள்ளே வந்து குந்தினான் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவான். பிறகு சிறை, பிறகு ஆமி முகாம், பிறகு சண்டை, பிறகு கற்குவியல். கடைசியில் ஒல்லாந்துக்காரரும் காசு போட்டுத் திருத்தின இடத்துக்கு வரும்போது, "கட்டினதும் அவன், திருத்தினதும் அவன், டிக்கெட் விக்கிறது மட்டும் நாங்கள்" என்பான். வந்தவர்கள் சிரிப்பார்கள்.

முகாம், சண்டை என்கிற இரண்டு சொல்லை மட்டும் வேகமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோய்விடுவான். கேட்டு நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். மீதிப் பேருக்குச் சொல்லி விளங்காது.

தெற்குப் பக்கச் சுவருக்கு அடியில் வளைவு வளைவாகச் சில அறைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் சிறைக்கூடம். அந்த இடத்தில் ஆட்களின் முகத்தைப் பார்த்து, தேவையென்றால் ஒரு வெள்ளைச் சேலைக்காரியையும் சேர்த்துவிடுவான். பேயை வைத்துப் பிழைத்தானே தவிர, பேயை நம்பினவன் இல்லை.

அவனுடைய தங்கை கோபிகா கனடாவிலிருந்து வந்திருந்தாள், மகள் தாரிகாவோடு. தாரிகாவுக்கு எட்டு வயது. கலியாணமாகிப் பல வருசம், எத்தனையோ வைத்தியம், எத்தனையோ நேத்திக்கடன் எல்லாம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. நல்லூரானுக்கு வைத்த நேத்தியைத் தீர்க்கத்தான் இந்த முறை வந்தார்கள். சுதாகரனுக்கும் அந்தப் பிள்ளையை விட்டால் உலகத்தில் வேறு யாரும் இல்லை. பிள்ளை "மாமா" என்று கூப்பிட்டால் மனுசன் உருகிப்போவான்.

வந்த இரண்டாம் நாள் சொந்தக்காரர் வீடொன்றுக்குப் போய்விட்டுக் கிளம்பும்போது, தாரிகா வாசலில் நின்று பெரிய சத்தமாக, "நாங்கள் போறம்!" என்றாள். வீட்டுக்காரியின் முகம் செத்துப்போனது. போய்விட்டு வருகிறேன் என்பதைத்தான் எங்கள் பக்கம் 'போட்டு வாறன்' என்போம்; வரும் வழியில் சுதாகரன் பிள்ளையைத் தோளில் தட்டி அதைச் சொல்லிக்கொடுத்தான்.

"பிள்ளை, போறன் எண்டு ஒருக்காலும் சொல்லக் கூடாது. போட்டு வாறன் எண்டுதான் சொல்லவேணும்."

"ஏன் மாமா?"

"போறன் எண்டு சொன்னாப் போனது போனதுதான். பேந்து திரும்பி வரமாட்டினம்."

"போட்டு வாறன் எண்டு சொன்னா?"

"கட்டாயம் வருவினம்."

பிள்ளை அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஐஸ்கிறீம் கடைக்காரருக்குச் சொன்னாள். பக்கத்து வளவு ஆட்டுக்குச் சொன்னாள். கொக்குவில் றெயில் கடவையில் நின்ற கேற்காரருக்கும் சொன்னாள். அவர் கையைத் தூக்கி, "ஓம் பிள்ளை, வாங்கோ" என்றார். சுதாகரனுக்குப் பெருமை தாங்க முடியவில்லை.

ஒன்றை மட்டும் அவன் சொல்லிக்கொடுக்கவில்லை. செத்த வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. அங்கே எழும்பி, ஒன்றும் சொல்லாமல் நடக்க வேண்டும். அது எல்லாருக்கும் தெரியும், ஆனால் விடுமுறைக்கு வந்த குழந்தைக்கு யார் அதைப் போய்ச் சொல்லுவார்கள்? டிக்கெட் வாங்கி உள்ளே போகிற இடத்தை, பெடியனும் பெட்டையும் மதிலில் இருந்து கடலை கொறிக்கிற இடத்தை, செத்த வீடு என்று யார்தான் நினைப்பார்கள்?

அடுத்த நாள் பின்னேரம் அவளைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனான். டிக்கெட் கொடுக்கிற செபநாயகம் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி உள்ளே விட்டார். செபநாயகம் குருநகர் ஆள், ஐம்பது கடந்தவர், எண்ணி எண்ணிக் கதைக்கிற மனுசன். காலியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குச் சுதாகரன் கதை சொல்லிக்கொண்டு முன்னே போனான். பிள்ளை பின்னால் ஓடி ஓடி வந்தாள்.

சிறைக்கூடத்தைக் காட்டி முடித்து வெளியே வந்து, அகழியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அப்போது பின்னால் தாரிகாவின் குரல் கேட்டது. நல்ல பிள்ளையாக, தெளிவாக.

"போட்டு வாறன்."

சுதாகரன் சிரித்துக்கொண்டே திரும்பினான். பிள்ளை கடைசி அறையின் வாசலில், உள்ளே பார்த்தபடி நின்றாள். அறைக்குள் யாரோ பேசுகிறதைக் கேட்கிறவள் மாதிரித் தலையைச் சரித்தாள்.

"ஓம்... நாளைக்கு. பின்னேரம்."

சிரிப்பு நின்றுபோனது.

"ஆரோடை பிள்ளை கதைக்கிறாய்?"

"உள்ளுக்கை இருக்கிற மாமாவோடை. கட்டாயம் வருவியோ எண்டு கேட்டவர்."

சுதாகரன் உள்ளே போய்ப் பார்த்தான். மூன்று பக்கமும் முருகைக்கல் சுவர். மேலே வளைவு. கீழே மண். யாரும் இல்லை. மூக்கில் மட்டும் ஒரு மணம் ஏறியது... ஈரச் சுண்ணாம்பு. அப்போதுதான் கரைத்து வைத்த சுண்ணாம்பு. கோட்டையில் அந்த மாதம் எங்கேயும் சுண்ணாம்பு வேலை நடக்கவில்லை.

'சின்னப் பிள்ளையின் விளையாட்டு' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஆனால் காலிக்காரருக்கு மிச்சக் கதையைச் சொல்லும்போது ஒல்லாந்தனையும் போர்த்துக்கேயனையும் மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டான்.

வீட்டுக்கு வந்தும் பிள்ளை சாப்பிடவில்லை. புட்டை அளைந்துகொண்டிருந்தாள். பிறகு கோபிகாவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மா, ஒராள் போட்டு வாறன் எண்டு சொல்லிட்டுப் போய் வராட்டி, அது பொய்யோ?"

"ஓம், பொய்தானே."

"அப்ப அந்த மாமா பாவம். அவர் தன்ரை அம்மாட்டைச் சொல்லிட்டு வந்தவராம். இன்னும் போகேல்லையாம். அங்கை எல்லாரும் அப்பிடித்தானாம்."

கோபிகா சுதாகரனைப் பார்த்தாள். "அண்ணை, என்ன கண்டறியாத கதையெல்லாம் பிள்ளைக்குச் சொல்லி வைச்சிருக்கிறியள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றான் சுதாகரன். அது உண்மை. அவனுடைய கதையில் வெள்ளைச் சேலைக்காரி உண்டு. தாயிடம் சொல்லிவிட்டு வந்த மாமா யாரும் இல்லை.

படுக்கப் போட்டபோது கோபிகா பிள்ளையின் காலைத் துடைத்தாள். உள்ளங்கால் வெள்ளையாக இருந்தது. துடைத்தாள், போனது. சற்று நேரம் கழித்துப் பார்த்தாள். திரும்பவும் வெள்ளை.

அடுத்த நாள், தேருக்கு முதல் நாள், சப்பறத் திருவிழா. ஊர் முழுக்க நல்லூரில். இவர்கள் மட்டும் போகவில்லை. சுதாகரன் வேலைக்கும் போகவில்லை. காரணம் சொல்லாமல் வீட்டிலேயே நின்றான். பிள்ளை காலையில் எழும்பினதும் சப்பாத்தைத் தேடினாள்.

"பின்னேரம் கோட்டைக்குப் போகவேணும் மாமா. சொன்னனான்."

"அது சும்மா பிள்ளை. போகத் தேவையில்லை."

"போகாட்டிப் பொய்யெல்லோ?"

சுதாகரன் சப்பாத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு தாயும் மகளும் அறைக்குள் படுத்தார்கள். சுதாகரன் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, விறாந்தையை மறித்துக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தான். கண்ணை மூடவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறான். வெயில் மதிலில் இருந்து மாமரத்துக்கு ஏறியது. ஒரு றெயில் போனது. வீடு அமைதியாக இருந்தது.

பிறகு கோபிகா கத்தினாள்.

கட்டிலில் பிள்ளை இல்லை. சீமெந்து நிலத்தில் வெள்ளைக் காலடிகள்... கட்டிலில் இருந்து வாசல் கதவு வரைக்கும். சின்னக் காலடிகள். கதவடியில் முடிந்திருந்தன. தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டபடியே இருந்தது.

முதலில் கிணற்றைப் பார்த்தார்கள். கிணற்றுக் கட்டின் மேல் கவிழ்ந்து, தண்ணீரைப் பார்த்து, தண்ணீரில் தன் முகம் மட்டும் தெரிந்ததும் கோபிகா சுதாகரனிடம் ஓடினாள். "என்ரை பிள்ளையைக் கொண்டு வந்து தாங்கோ அண்ணை!" என்று அவன் சேர்ட்டைப் பிடித்து உலுப்பினாள். "நீங்கள்தானே கொண்டு போனனீங்கள், நீங்களே கொண்டு வந்து தாங்கோ!"

அயலட்டைச் சனம் ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடப் போனது. சுதாகரன் எங்கேயும் தேடவில்லை. எங்கே போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

காங்கேசன்துறை வீதி முழுவதும் "முருகா, முருகா" என்றே வந்தான். முன்னால் போன வாகனத்தை எப்படிக் கடந்தான், ஆஸ்பத்திரியடியில் யார் ஏசினார்கள், ஒன்றும் தெரியாது. எட்டு வயதுப் பிள்ளை, வெறுங்கால், இந்தச் சனத்துக்குள்ளால் இவ்வளவு தூரம் நடந்து வர முடியாது. முடியாது என்று தெரிந்தும், அவள் அங்கேதான் இருக்க வேண்டும் என்று கும்பிட்டான். வேறெங்கும் இருந்தால் அதைவிட மோசம் என்று மனம் சொல்லியது.

செபநாயகம் கவுண்டருக்குள் தனியாக இருந்தார்.

"அண்ணை, பிள்ளை வந்தவளே?"

"இல்லைத் தம்பி. இண்டைக்கு ஒரு சனமும் இல்லை. எல்லாம் நல்லூரிலை."

"நேற்றுக் கூட்டி வந்த பிள்ளை அண்ணை. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"நான் வாசலைப் பாத்தபடிதான் இருக்கிறன். ஒருத்தரும் போகேல்லை."

சுதாகரன் அவரைத் தாண்டி ஓடினான்.

அவ்வளவு பெரிய கோட்டையில் ஒரு மனிதர் இல்லை. புல்லு காய்ந்து கிடந்தது. இடிந்த சுவர்களின் நிழல் நீண்டு கிடந்தது. கடற்பக்கத்துக் காற்றுக்கூட நின்றிருந்தது. அவனுடைய செருப்புச் சத்தம் மட்டும் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

தெற்குச் சுவர்... வளைவுகள்... முதல் அறை, ஒன்றும் இல்லை. அடுத்தது, ஒன்றும் இல்லை.

கடைசி அறை.

உள்ளே கால் வைத்ததும் வெயில் அறுந்துபோனது. சுண்ணாம்பு மணம் மூக்கை அடைத்தது.

"தாரிகா!"

சத்தம் இல்லை.

"தாரிகா... மாமா வந்திருக்கிறன்."

டப்... டப்... டப்...

சின்னக் காலின் சத்தம். வெறுங்கால், ஈர நிலத்தில் நடக்கிற சத்தம். பின்சுவருக்கு அந்தப் பக்கம்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு நாளும் அவனே சொல்லுகிற கதை அது: "உதுக்குப் பின்னாலை முழுக்க மண்ணும் கல்லும். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் அசையாது."

டப்... டப்... டப்... சுவருக்குக் கிட்ட வந்து நின்றது.

"மாமா?"

சுதாகரன் சுவரில் கன்னத்தை வைத்தான். கல் குளிராக இருந்தது. "பிள்ளை! எப்பிடியடி உள்ளுக்குப் போனனி? எதாலை போனனி?"

"தெரியேல்லை மாமா. வீட்டை போகவேணும்."

"வா பிள்ளை. இப்பவே வா."

"கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். சொல்லிட்டுப் போ எண்டினம்."

"ஆர் நிக்கினம்?"

"நிறையப் பேர் மாமா. நிறைய."

"சரி... சொல்லிட்டு வா."

பிறகு அந்த மரியாதையான சின்னக் குரல்.

"போட்டு வாறன்."

டப்... டப்... டப்... காலடி விலகிப் போனது. தூரம் போனது. மெல்லிசாகிப் போனது. சுதாகரன் வாசலுக்கு ஓடி வெளியே பார்த்தான். புல்வெளி. வெயில். யாரும் வரவில்லை.

பிறகு, உள்ளே...

டப்... டப்... டப்...

"மாமா... திரும்பவும் இஞ்சைதான் வந்திட்டன்."

"இன்னொருக்காச் சொல்லு!"

"சொல்லிட்டன் மாமா. வந்ததிலையிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன். சொன்னாக் கையை விடுகினம். நான் நடக்கிறன்... நடக்கிறன்... பேந்து இஞ்சைதான் வாறன்." குரல் உடைந்தது. "கால் நோகுது மாமா."

சுதாகரன் சுவரில் அடித்தான். கல்லைப் பிடித்து இழுத்தான். நகம் பிய்ந்தது. "செபநாயகம் அண்ணை! அண்ணை!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அவன் சத்தம் அந்த வளைவுக்கு வெளியே போகவே இல்லை. தெரிந்த தெய்வத்தை எல்லாம் கூப்பிட்டான். "என்னை எடுங்கோ, பிள்ளையை விடுங்கோ" என்று கல்லிடம் கெஞ்சினான்.

உள்ளே பிள்ளை திரும்பவும் சொன்னாள். "போட்டு வாறன்."

டப்... டப்... டப்... போனது.

டப்... டப்... டப்... வந்தது.

ஒவ்வொரு முறையும் காலடி கனத்தது. ஒவ்வொரு முறையும் குரல் சின்னதாகியது.

கட்டாயம் வருவினம்.

அவன் சொன்னதுதான். அவன்தான் சொல்லிக்கொடுத்தான். அப்போதுதான் சுதாகரனுக்கு விளங்கியது. பிள்ளை சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"பிள்ளை... கவனமாக் கேள். போட்டு வாறன் எண்டு சொல்லாதை. போறன் எண்டு சொல்லு."

பதில் இல்லை.

"கேக்குதே? போறன் எண்டு சொல்லு!"

"அது கூடாது எண்டனீங்கள்."

"இப்ப சொல்லலாம். மாமா சொல்லுறன்."

"அப்பிடிச் சொன்னாத் திரும்பி வரமாட்டினம் எண்டனீங்கள்." அழுதாள். "நான் அம்மாட்டை வரவேணும். நான் சொல்லமாட்டன்."

"ஐயோ பிள்ளை..." சுதாகரன் சுவரோடு சறுக்கி மண்ணில் இருந்துவிட்டான். நாற்பத்தைந்து வயது மனுசன் குழந்தை மாதிரி அழுதான். "அம்மாட்டை வரலாம். இஞ்சைதான் திரும்பி வரக் கூடாது. அவையளைப் பாத்துச் சொல்லு. நான் பிழையாச் சொல்லித் தந்திட்டன் தாரிகா. மாமாவுக்காகச் சொல்லு. ஒருக்காச் சொல்லு..."

அமைதி.



பிறகு, மெதுவாக, பயந்து பயந்து...

"போறன்."

ஒரு சத்தமும் இல்லை.

காலடி இல்லை.

மூச்சு இல்லை.

சுதாகரன் சுவரில் காதை வைத்தான்.

"போ...றன்?"

அது பிள்ளையின் குரல் இல்லை.

ஆண் குரல். கரகரத்த குரல். புதுச்சொல் ஒன்றை வாயில் வைத்துப் பார்க்கிற மாதிரி.

"போறன்."

இன்னொரு குரல். வயதானது.

"போறன்..."

ஒரு பெண்.

பிறகு ஒரு இளம் குரல். பிறகு இன்னொன்று. பிறகு இரண்டு மூன்று சேர்ந்து. தகரத்தில் மழை தொடங்குகிற மாதிரி. தமிழ் தெரியாத வாய்கள்கூட அந்தச் சொல்லைக் கடித்துக் கடித்துச் சொல்லின. போறன். போறன். போறன்.

காது வைத்திருந்த கல் அதிர்ந்தது.

பிறகு காலடிகள். ஒன்றல்ல, பத்தல்ல. வெறுங்கால், செருப்பு, சப்பாத்து. எல்லாம் ஒரே பக்கமாக... தூரமாக... தூரமாக...

குருநகர்ப் பக்கம் ஆறு மணிக் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

அடித்து முடிந்தபோது சுண்ணாம்பு மணம் இல்லை.

சுதாகரன் தவழ்ந்து வெளியே வந்தான். வாசலுக்கு நேரே, காய்ந்த புல்லில், தாரிகா முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். வீட்டில் போட்டிருந்த அதே சட்டை. உள்ளங்கால் இரண்டும் வெள்ளை. அவன் தொட்டபோது உடம்பு நெருப்பாகக் கொதித்தது. அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். கவுண்டரில் செபநாயகம் எழும்பி நின்றார். அவனைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார்.

காய்ச்சல் மூன்று நாளில் விட்டது. பிள்ளைக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. நித்திரை கொண்டேன் என்றாள். நேத்தியை அவசர அவசரமாகத் தீர்த்துவிட்டுக் கோபிகா வெளிக்கிட்டாள். தமையனோடு அவள் அதிகம் கதைக்கவில்லை. றெயிலில் ஏறின தாரிகா யன்னலால் கையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சுதாகரனும் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை.

எப்படியோ பிள்ளை தப்பினாள், அது போதும் என்று இருந்தான். கோட்டைப் பக்கம் போகவில்லை. கண்டவர்கள் கேட்டால் முழங்கால் நோவு என்றான்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிறு காலை, செபநாயகம் கொக்குவிலுக்கு வந்தார். ஆள் மெலிந்திருந்தார். சவரம் செய்யவில்லை. விறாந்தையில் இருந்து தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"வாற சனிக்கிழமை எங்கடை கோயிலிலை இறந்தவைக்கான பூசை தம்பி. அண்ணைக்கு. வரவேணும்."

"எந்த அண்ணை?"

"செபமாலை அண்ணை. எனக்கு மூத்தவர். சண்டை நேரம் விடிய மீன் கொண்டு சந்தைக்குப் போனவர். கோட்டைப் பக்கத்தாலை போனதைக் கண்டதெண்டு ஆரோ சொன்னவை. அவ்வளவுதான். முப்பது வருசத்துக்கு மேலையாகுது."

சுதாகரனுக்கு அது புதிது. இத்தனை வருசம் ஒரே வாசலில் நின்றும் செபநாயகம் அதைச் சொன்னதில்லை.

"இவ்வளவு காலம் பூசை குடுக்க அம்மா விடேல்லை. லூர்த்தம்மா எண்டா எங்கடை பக்கம் தெரியும். சரியான பிடிவாதம். போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனவன், அவன் பொய் சொல்லமாட்டான், வருவான் எண்டுவா. வாசல் கதவை ஒருநாளும் பூட்ட விடுறேல்லை. மழைக்கும் இல்லை, புயலுக்கும் இல்லை."

தேத்தண்ணிக் கோப்பையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"நீ பிள்ளையைத் தேடி வந்தாயே... அண்டைக்கு நான் வீட்டை போனா, கதவு பூட்டிக் கிடக்கு. தட்டித்தான் திறந்தது. பூசைக்குச் சொல்லு எண்டு அம்மா சொன்னா. நான் பயந்துபோனன். கோயில் மணி அடிக்கேக்கை தன்ரை பிள்ளை வாசலிலை வந்து நிண்டவனாம். உள்ளுக்கு வா எண்டு கூப்பிட்டவாவாம். வரேல்லையாம். 'அம்மா, போறன்' எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பி நடந்தவனாம்."

சுதாகரன் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டான்.

"எங்கடை தெருவிலை மட்டும் மூண்டு வீடு தம்பி. அதே நேரம். அதே சொல்லு. கொழும்புத்துறையிலையும் நடந்ததெண்டு கதைக்கினம்." செபநாயகம் கோப்பையைக் கீழே வைத்தார். "அம்மா அழேல்லை. சாப்பிடுறா இல்லை, படுக்கிறா இல்லை, ஒண்டைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறா. எனக்கெண்டால் பதில் தெரியேல்லை."

"என்ன கேக்கிறா?"

"எங்கடை வீட்டிலை ஒருத்தரும் உப்பிடிச் சொல்லுறேல்லையே... என்ரை பிள்ளைக்கு ஆர் உதைச் சொல்லிக் குடுத்தது எண்டு."